ஏழேகால் டாலரில் நிற்கும் நாடு: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கா பற்றி இம்முறை வந்த கடிதங்களில் அதிபரைப் பற்றிய கேள்விகள் குறைவு. அங்கே வேலைக்குப் போய், வரி கட்டி, வாடகை கொடுத்து வாழும் சாதாரண மனிதர் ஏன் 'நாடு முன்ன மாதிரி இல்லை' என்று சலித்துக்கொள்கிறார் என்றே பலரும் கேட்டிருக்கிறார்கள். இந்த இதழின் பதில்கள் முழுக்க அதைப் பற்றித்தான்.

என் மகன் ஒஹாயோவில் இருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 'இந்த நாட்டுக் கதை முடிஞ்சுபோச்சு' என்று தினமும் புலம்புகிறாராம். பணக்கார நாட்டில் இருந்துகொண்டு அவருக்கு அப்படி என்ன குறை?
– வாசகி, திண்டுக்கல்

ஒஹாயோவில் யங்ஸ்டவுன் என்று ஓர் ஊர். 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை அன்று யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் நிறுவனம் தன் கேம்ப்பெல் உருக்காலையை மூடப்போவதாக அறிவித்தது. சுமார் 5,000 பேருக்கு வேலை போயிற்று. அந்த நாளை ஊர்க்காரர்கள் இன்றும் 'கருப்புத் திங்கள்' என்றே சொல்கிறார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மற்ற ஆலைகளும் மூடின. 1930-ல் 1,70,000 பேர் வாழ்ந்த ஊரில் 2020 கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் சுமார் 60,000 பேர்.

இதில் பலரும் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. ஊரில் ஆள் குறைந்தால் குழாய் குறையாது. 1,70,000 பேருக்காகப் போட்ட தண்ணீர்க் குழாய், சாக்கடை, தார்ச்சாலை, தெருவிளக்கு எல்லாம் அதே நீளத்தில் கிடக்கின்றன. அவற்றைப் பராமரிக்க வரி கட்டுபவர்களோ மூன்றில் ஒரு பங்குதான். வரியை ஏற்றினால் மிச்சமிருப்பவர்களும் கிளம்பிவிடுவார்கள், ஏற்றாவிட்டால் குழாய் உடையும். ஊர் இனி வளரப்போவதில்லை, சிறிய ஊராகவே நன்றாக வாழ வழி தேடுவோம் என்று யங்ஸ்டவுன் 2005-ல் திட்டமே போட்டது. வளர்ச்சியைத் தவிர வேறெதையும் பேசிப் பழகாத நாட்டில் அப்படி வெளிப்படையாக ஒப்புக்கொள்ள நிறையத் துணிச்சல் வேண்டும்.

பெரியவரின் மனக்குறையில் இன்னொன்றும் இருக்கும். அங்கே ஆலை வேலை என்பது வெறும் சம்பளம் அல்ல. 1942-ல் போர்க்காலச் சட்டம் சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டபோது, கம்பெனிகள் ஆள் பிடிக்க மருத்துவக் காப்பீட்டைச் சலுகையாகக் கொடுக்கத் தொடங்கின. அந்த ஏற்பாடு அப்படியே நிலைத்துவிட்டது. அதனால் வேலை போனால் அதோடு காப்பீடும் போகும், எதிர்பார்த்த ஓய்வூதியமும் சுருங்கும்.

'எல்லாம் சீனாவால் வந்தது' என்றும் அவர் சொல்லக்கூடும். அது பாதி உண்மை. நாடு முழுக்கத் தொழிற்சாலை வேலைகள் உச்சம் தொட்டது 1979-ல், சுமார் 1 கோடியே 95 லட்சம். 2010 தொடக்கத்தில் அது 1 கோடியே 15 லட்சத்துக்கு இறங்கியது. இந்தச் சரிவின் பெரும்பகுதி 2000-க்குப் பிறகு நடந்தது. சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது 2001 டிசம்பரில். ஆனால் யங்ஸ்டவுன் ஆலை அதற்கு 24 ஆண்டுகள் முன்பே மூடிவிட்டது. காலாவதியான திறந்த உலைகள், அவற்றைப் புதுப்பிக்கப் போதிய முதலீடு செய்யாத முதலாளிகள், ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த உருக்கு, பழைய இரும்பை மின் உலையில் உருக்கி மலிவாக விற்ற சின்ன ஆலைகள், இவையெல்லாம் சேர்ந்து மூடவைத்த ஆலை அது.

அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு ஏழேகால் டாலர் என்று படித்தேன். நம் பணத்தில் பெரிய தொகைதானே?
– வாசகர், திருப்பூர்

ரூபாயாக மாற்றிப் பார்த்தால் இதில் ஏமாந்துபோவோம். வாரம் 40 மணி நேரம், ஆண்டுக்கு 52 வாரம், ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல் உழைத்தால் 2,080 மணி நேரம். 7.25 டாலரால் பெருக்கினால் 15,080 டாலர். அதில் ஓய்வூதியத்துக்கும் முதியோர் மருத்துவத்துக்குமாக 7.65 சதவீதம், அதாவது சுமார் 1,150 டாலர், கைக்கு வரும் முன்பே பிடித்துவிடுவார்கள். மிச்சம் மாதத்துக்கு 1,160 டாலர் சொச்சம். பல நகரங்களில் ஒரு படுக்கையறை வீட்டு வாடகைக்கே அது போதாது.

அதைவிட முக்கியம், அந்த 7.25 டாலர் 2009 ஜூலை 24 அன்று அமலுக்கு வந்த தொகை. அதன்பின் விலைவாசி ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிட்டது, கூலி அங்கேயே நிற்கிறது. ஓட்டல்களில் பரிமாறுபவர்கள் போல டிப்ஸ் வாங்கும் தொழிலாளர்களுக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சம் மணிக்கு 2.13 டாலர். அது 1991-லிருந்து மாறவில்லை. டிப்ஸ் சேர்த்தும் 7.25 வராவிட்டால் குறையும் தொகையை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் கணக்கு வைத்துக் கேட்க வேண்டிய பொறுப்பு நடைமுறையில் தொழிலாளியின் தலையில்தான் விழுகிறது.

எல்லா மாநிலமும் இப்படி இல்லை. வாஷிங்டன் மாநிலத்தில் 2025-ல் மணிக்கு 16.66 டாலர், கலிஃபோர்னியாவில் 16.50. அலபாமா, மிஸிஸிப்பி, லூசியானா, டென்னஸி, தென் கரோலினா ஆகிய ஐந்து மாநிலங்களில் மாநிலச் சட்டமே கிடையாது, மத்தியச் சட்டத்தின் 7.25 டாலர்தான்.

பெட்ரோல் வரியையும் இதோடு பாருங்கள். கேலனுக்கு 18.4 சென்ட் என்ற மத்திய வரி 1993-ல் வைத்தது. விலையில் இத்தனை சதவீதம் என்று வைத்திருந்தால் விலையோடு சேர்ந்து ஏறியிருக்கும். சென்ட் கணக்கில் வைத்ததால் அதன் மதிப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. கார்களும் முன்பைவிடக் குறைவாகக் குடிக்கின்றன, மின்சாரக் கார்கள் இந்த வரியைக் கட்டுவதே இல்லை. இந்த வரியை நம்பியிருக்கும் நெடுஞ்சாலை நிதிக்கு 2008-லிருந்து பொதுக் கஜானாவிலிருந்து பணம் மாற்றி ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்கச் சரிவு என்று எதையாவது சுட்டிக்காட்டச் சொன்னால், ஆகாயத்தில் இருக்கும் பெரிய காரணங்களை விட்டுவிட்டு இந்த எண்களைத்தான் காட்டுவோம். யாரோ என்றோ எழுதி வைத்த ஒரு தொகை, அதை மாற்ற ஆளில்லாமல் நின்றுவிடுகிறது. சாதாரண மனிதர் உணரும் இறுக்கத்தில் கணிசமான பங்கு அதனால் வருவது.

குறைந்தபட்சக் கூலியை மாற்றினால் என்ன? பெரும்பான்மை இருக்கும் கட்சி சட்டம் போட வேண்டியதுதானே?
– வாசகர், நாகர்கோவில்

பெரும்பான்மை போதாது. நாடாளுமன்றத்தின் மேல்சபையான செனட்டில் 100 பேர். 51 பேர் ஆதரித்தாலும் பெரும்பாலான மசோதாக்களை வாக்கெடுப்புக்குக் கொண்டுவர முடியாது. விவாதத்தை முடிக்கவே 60 பேர் வேண்டும். 1975-ல் வந்த கணக்கு இது, அதற்கு முன்பு மூன்றில் இரண்டு பங்கு. இந்த 60 அரசியலமைப்பில் எழுதியது அல்ல, செனட் தனக்குத்தானே வைத்துக்கொண்ட விதி.

வரவு செலவு சம்பந்தப்பட்ட மசோதாவாக இருந்தால் 51 போதும் என்று ஒரு குறுக்குவழி உண்டு. 2021-ல் கூலியை 15 டாலராக்கும் பிரிவை அந்த வழியில் நுழைக்கப் பார்த்தார்கள். இது பட்ஜெட் விஷயம் ஆகாது என்று செனட்டின் விதி ஆலோசகர் பிப்ரவரியில் சொல்லிவிட்டார். மார்ச் மாதம் அதை மீறிச் சேர்க்கக் கொண்டுவந்த திருத்தம் 42-க்கு 58 என்று தோற்றது. அப்போதைய அதிபரின் சொந்தக் கட்சியிலிருந்தே சிலர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள்.

இன்னொரு சிக்கல், மாநிலத்துக்கு இரண்டு செனட்டர் என்பது. 2020 கணக்கெடுப்பில் வயோமிங்கில் 5,77,000 பேர், கலிஃபோர்னியாவில் 3 கோடியே 95 லட்சம் பேர். இரண்டுக்கும் ஆளுக்கு இரண்டு இடம். மக்கள்தொகைப்படி அமைய வேண்டிய பிரதிநிதிகள் சபையிலும் ஓர் எண் உறைந்திருக்கிறது. 435 என்பது 1911-ல் நிர்ணயித்து 1929 சட்டத்தால் நிலைத்துவிட்ட தொகை. அப்போது ஓர் உறுப்பினருக்குச் சுமார் 2,10,000 மக்கள், இப்போது 7,60,000 பேர். 'என் எம்பி என்னைக் கண்டுகொள்வதே இல்லை' என்று அமெரிக்கர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

அடிக்கடி அரசாங்கத்தையே மூடிவிடுகிறார்களே, அது எப்படி?
– வாசகர், காரைக்குடி

நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்கும். அதற்குள் 12 செலவு மசோதாக்கள் நிறைவேற வேண்டும், அல்லது தற்காலிக நீட்டிப்பாவது வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அலுவலகம் மூடும். 2018–19-ல் 35 நாள், 2025-ல் 43 நாள். விமானநிலையச் சோதனை ஊழியர்களும் வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களும் சம்பளமில்லாமல் வேலைக்கு வந்தாக வேண்டும். அரசு ஊழியருக்குச் சம்பள பாக்கி பின்னால் கிடைக்க வேண்டும் என்று 2019-ல் சட்டம் போட்டார்கள். அந்த அலுவலகங்களைக் கூட்டிப் பெருக்கும், காவல் காக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த உறுதி இல்லை. அதிகம் அடிபடுவது அவர்கள்தான்.

டெக்ஸஸில் இருக்கும் என் மகளுக்குக் காப்பீடு இருக்கிறது, மாதாமாதம் பணமும் பிடிக்கிறார்கள். இருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்து ஆயிரக்கணக்கில் பில் வந்திருக்கிறது. ஏன்? என்ன செய்யலாம்?
– வாசகி, மதுரை

அம்மா, முதலில் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். மாதப் பிரீமியம் வேறு, சிகிச்சைச் செலவில் நம் பங்கு வேறு. உதாரணத்துக்கு, டிடக்டிபிள் (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) 2,000 டாலர், அதற்குமேல் நம் பங்கு 20 சதவீதம், நாம் கட்டுவதற்கு ஆண்டு உச்சவரம்பு 6,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரி 30,000 டாலருக்குப் பில் போடுகிறது. காப்பீட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தம் இருப்பதால் அனுமதித்த தொகை 18,000. முதல் 2,000 முழுவதும் மகள் கையிலிருந்து. மிச்சம் 16,000-ல் 20 சதவீதம் 3,200. ஆக மொத்தம் 5,200 டாலர். பெரும்பாலான திட்டங்களில் ஜனவரி 1 அன்று டிடக்டிபிள் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். டிசம்பர் கடைசியில் சேர்ந்து ஜனவரியிலும் சிகிச்சை தொடர்ந்தால் இரண்டு ஆண்டின் டிடக்டிபிளும் விழலாம்.

பில் வந்தவுடன் பணம் கட்ட வேண்டாம். காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து தனியாக ஒரு விளக்கத் தாள் வரும், 'இது பில் அல்ல' என்று அதிலேயே போட்டிருக்கும். அதில் 'நீங்கள் தர வேண்டியது' என்று இருக்கும் தொகையும் ஆஸ்பத்திரி கேட்கும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி பில்லிங் பிரிவைக் கூப்பிட்டு, ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஐந்து இலக்கக் குறியீட்டோடு வரிவாரியான பில் கேட்கச் சொல்லுங்கள். ஒரே பரிசோதனையை இரண்டு முறை போட்டிருப்பது, செய்யாத சிகிச்சையைச் சேர்த்திருப்பது, உயர்ந்த நிலைக் குறியீட்டைப் போட்டிருப்பது ஆகிய மூன்றும் அடிக்கடி நடப்பவை. பேசியவரின் பெயர், தேதி, அழைப்பு எண் மூன்றையும் எழுதி வைக்கட்டும்.

காப்பீடு மறுத்திருந்தால் 180 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் மறுத்தால் வெளியார் மறுஆய்வு கேட்க நான்கு மாதம் உண்டு. பெரும்பாலானவர்கள் முதல் மறுப்போடு விட்டுவிடுகிறார்கள், விடக் கூடாது. அவசர சிகிச்சையில் நெட்வொர்க்கில் (காப்பீட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ளவர்கள் பட்டியலில்) இல்லாத டாக்டர் பார்த்தார் என்று கூடுதல் தொகை கேட்டால், 2022 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் சட்டப்படி அது செல்லாது. ஆனால் சாலையில் வரும் ஆம்புலன்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

கடைசியாக, லாப நோக்கற்ற ஆஸ்பத்திரியாக இருந்தால் வருமானம் குறைந்தவர்களுக்குத் தள்ளுபடி தரும் எழுத்துபூர்வமான கொள்கை வைத்திருந்தே ஆக வேண்டும். வீடு திரும்பியபின் வரும் முதல் பில் தேதியிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பம் வாங்க வேண்டும். அதைப் பற்றித் தாமாக எடுத்துச் சொல்லுவார்கள் என்று காத்திருக்காமல் மகளே கேட்கட்டும்.

நீங்கள் மகளைப் பார்க்கப் போவதாக இருந்தால், நிர்ணயத் தொகை மட்டும் தரும் மலிவான பயணக் காப்பீட்டை வாங்காதீர்கள். ஓர் அறைக்கு இவ்வளவு, ஒரு ஸ்கேனுக்கு இவ்வளவு என்று அது தரும் தொகை அங்கத்திய பில்லில் ஒரு மூலைக்குக்கூட வராது. டிடக்டிபிளுக்கு மேல் சதவீதக் கணக்கில் தரும் திட்டமே நல்லது. சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு என்ன விதி, எந்த வயது வரை என்பதை எழுத்தில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மிஷிகனில் ஓர் ஊரே ஈயம் கலந்த தண்ணீரைக் குடித்ததாமே? அங்கேயுமா குழாய்த் தண்ணீரை நம்ப முடியாது?
– வாசகர், தஞ்சாவூர்

ஃபிளின்ட் நகரம். கடனில் இருந்த அந்த ஊரை நடத்த, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு மேலாக மாநில அரசு ஒரு நிர்வாகியை நியமித்திருந்தது. செலவைக் குறைக்க, 2014 ஏப்ரல் 25 அன்று டெட்ராய்ட்டிலிருந்து வந்த தண்ணீரை நிறுத்திவிட்டு உள்ளூர் ஆற்றுக்கு மாறினார்கள்.

ஆறு அழுக்கு என்பது மட்டும் காரணம் அல்ல. பழைய ஈயக் குழாயின் உட்புறம் ஒரு மெல்லிய படலம் படிந்திருக்கும். தண்ணீரில் சிறிதளவு பாஸ்பேட் கலந்துவந்தால் படலம் நிலைக்கும், ஈயம் தண்ணீரைத் தொடாது. டெட்ராய்ட் தண்ணீரில் அது இருந்தது. ஃபிளின்ட்டில் அதைக் கலக்கவில்லை. ஆற்றுத் தண்ணீரில் குளோரைடும் அதிகம், உலோகத்தை அரிக்கும். படலம் கரைந்து ஈயம் தண்ணீருக்குள் இறங்கியது. 2014 அக்டோபரிலேயே அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் என்ஜின் தொழிற்சாலை, பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று அந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டது. குழந்தைகளுக்கு அதே தண்ணீர் இன்னும் ஓராண்டு போனது. 2015 அக்டோபர் 16 அன்றுதான் மறுபடி டெட்ராய்ட் தண்ணீருக்கு மாற்றினார்கள். இதை எழுதும்போதும் கோபம் வருகிறது.

பெரும்பாலான அமெரிக்க ஊர்களில் குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். 1986-க்கு முன் கட்டிய வீடு என்றால் மட்டும் ஒரு சோதனை: தெருவிலிருந்து தண்ணீர் உள்ளே வரும் குழாயை நாணயத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பளபளவென்று வெள்ளியாகத் தெரிந்து, காந்தம் ஒட்டாவிட்டால் ஈயம். செம்பு நிறம் தெரிந்தால் செம்பு. காந்தம் ஒட்டினால் துத்தநாகம் பூசிய இரும்பு. ஈயமாக இருந்தால், காலையில் கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். சமையலுக்கு வெந்நீர்க் குழாயைத் தொடவே கூடாது. கொதிக்க வைத்தால் ஈயம் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். ஃபில்டர் வாங்கும்போது ஈயத்தை நீக்கும் என்று என்எஸ்எஃப் 53 தரச் சான்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விலைவாசி உயர்வு குறைந்துவிட்டது என்று அரசு சொல்கிறது. மக்கள் இல்லை என்கிறார்கள். யார் சொல்வது சரி?
– வாசகர், சேலம்

இருவருமே. 2022 ஜூனில் 9.1 சதவீதமாக இருந்த பணவீக்கம் பிறகு இறங்கியது. வேகம் குறைந்ததே தவிர, ஏறிய விலை இறங்கவில்லை. வீட்டுக் கடனில் இது அப்பட்டமாகத் தெரியும். 3 லட்சம் டாலர், 30 ஆண்டுக் கடன். 2021-ல் கிடைத்த 3 சதவீத வட்டியில் மாதத் தவணை 1,265 டாலர். அதே கடன் 7 சதவீதத்தில் 1,996 டாலர். பழைய வட்டியில் வாங்கியவர் விற்க மறுக்கிறார், இளையவருக்கு வாங்க வழியில்லை.

ஆக, அமெரிக்கா வீழ்ந்துகொண்டிருக்கிறது என்பது உண்மையா?
– வாசகர், புதுச்சேரி

இந்தப் பேச்சு புதிது அல்ல. 1957-ல் ஸ்புட்னிக் பறந்தபோதும், 1979-ல் பெட்ரோலுக்கு வரிசையில் நின்றபோதும், 1989-ல் ராக்ஃபெல்லர் சென்டரின் பெரும்பங்கை ஜப்பானியர் வாங்கியபோதும் இதையேதான் பேசினார்கள். இன்றும் உலகின் மொத்த உற்பத்தி மதிப்பில் (ஜிடிபி) கால்பங்கு அவர்களுடையது.

'அந்தக் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது' என்பதையும் அப்படியே ஏற்க முடியாது. 2007 ஆகஸ்ட் 1 அன்று மினியாபொலிஸில் ஆற்றுப்பாலம் இடிந்து 13 பேர் இறந்ததை நாட்டின் சரிவுக்கு அடையாளமாகச் சொன்னார்கள். விசாரணையில் தெரிந்தது வேறு. இணைப்புத் தகடுகள் ஓர் அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் அரை அங்குலமாக வடிவமைக்கப்பட்டிருந்தன. அது பொற்காலம் என்று சொல்லப்படும் 1960-களின் வரைபடப் பிழை. அன்று பாலத்தின் மேல் குவித்திருந்த கட்டுமானப் பொருள்களின் பாரத்தில் அது வெளிப்பட்டது.

ஆனால் ஓர் அளவுகோலை எங்களால் ஒதுக்க முடியவில்லை. சராசரி ஆயுள் 2014-ல் 78.9 ஆண்டு. 2021-ல் 76.4. கொரோனா மட்டும் காரணம் அல்ல, 2021 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போதை மருந்தின் அளவு மீறி இறந்தார்கள். 2023-ல் ஆயுள் 78.4-க்கு மீண்டது. அப்போதும்கூட ஒன்பது ஆண்டுக்கு முன்பிருந்த இடத்தை எட்டவில்லை. பணக்கார நாட்டில் அது சரிவுதான். அந்த ஒஹாயோ பெரியவரை நாங்கள் பொய்யர் என்று சொல்ல மாட்டோம்.

சாதாரண அமெரிக்கர் இதில் எதையாவது தானே மாற்ற முடியுமா?
– வாசகி, வேலூர்

மத்தியில் ஓட்டுப் போடுவதைத் தவிர நேரடி வழி இல்லை. மாநிலத்தில் உண்டு. பாதி அளவு மாநிலங்களில் மக்களே கையெழுத்துத் திரட்டி ஒரு சட்டத்தை வாக்குச்சீட்டில் ஏற்றலாம். 2020-ல் புளோரிடா மக்கள் அதிபர் தேர்தலில் டிரம்ப்புக்குப் பெரும்பான்மை கொடுத்த அதே நாளில், குறைந்தபட்சக் கூலியைப் படிப்படியாக 15 டாலராக்கும் திருத்தத்துக்கும் ஏறக்குறைய 61 சதவீத ஆதரவு கொடுத்தார்கள். அங்கே 60 சதவீதம் தாண்டினால்தான் செல்லும். அதற்கு முன் 7,66,200 செல்லுபடியான கையெழுத்து வேண்டியிருந்தது. அதுவும் ஒரே ஊரில் வாங்கிவிட முடியாது, பாதித் தொகுதிகளிலாவது குறிப்பிட்ட அளவு வாங்க வேண்டும். கையெழுத்து வாக்காளர் பட்டியலோடு ஒத்துப்போகாவிட்டால் தள்ளிவிடுவார்கள், ஆகவே தேவையைவிடக் கணிசமாக அதிகம் திரட்டுவது வழக்கம்.

எந்த வடிவத்தில் கொண்டுவருகிறோம் என்பதுதான் இதில் உயிர்நாடி. மிசௌரி மக்கள் 2024-ல் 15 டாலர் கூலியையும் சம்பளத்தோடு நோய் விடுப்பையும் சாதாரணச் சட்டமாக நிறைவேற்றினார்கள். 2025-ல் மாநிலச் சட்டமன்றம் நோய் விடுப்பை நீக்கிவிட்டது, விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் கூலி உயரும் என்ற பிரிவையும் எடுத்துவிட்டது. புளோரிடாவில் செய்தது அரசியலமைப்புத் திருத்தம், சட்டமன்றம் தனியாக அதை ரத்து செய்ய முடியாது. மிசௌரியில் சாதாரணச் சட்டத்துக்கு எட்டில் ஆறு தொகுதிகளில் 5 சதவீதக் கையெழுத்து போதும், அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 8 சதவீதம். கூடுதல் ஆள்பலமும் பணமும் இருக்கிறதா என்று பார்த்து, முதல் கையெழுத்து வாங்கும் முன்பே இரண்டில் எது என்று முடிவு செய்ய வேண்டும்.